தூரத்து மானுக்கு எந்தத் தோட்டா? பெட்டியைப் பார்த்துக் கணக்குப் போடலாம்

டெக்சாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் போன வாரம் நாலு தோட்டாப் பெட்டிகளின் படத்தை அனுப்பினார். "மச்சான், 300 கெஜத்துல மான் அடிக்க எது சரி? கணக்குப் போட்டுச் சொல்லு." நான் பெங்களூரு அல்சூரில் கணக்கு எழுதிப் பிழைப்பவன், துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம் என்பதால், நமக்கு இது காகிதத்தோடு சரி.

300 கெஜம் என்றால் 274 மீட்டர். நம்ம மெட்ரோவின் ஆறு பெட்டி ரயில் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

படி 1: அளவை மாற்றுங்கள். குண்டின் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனைப் பகுதி) எடை கிரெயினில் இருக்கும், 0.0648-ஆல் பெருக்கினால் கிராம். வேகம் விநாடிக்கு இத்தனை அடி என்று இருக்கும், 0.3048-ஆல் பெருக்கினால் மீட்டர்.

படி 2: புறப்படும்போது உள்ள ஆற்றல். எடையைக் கிலோவாக்கி, வேகத்தால் இருமுறை பெருக்கி, இரண்டால் வகுங்கள். நாலு பெட்டியும் நாலு வகைத் தோட்டா; முதல் வகை 7.62×39: 123 கிரெயின், 2,350 அடி, சுமார் 2,045 ஜூல். இரண்டாவது 6.5 கிரெண்டல்: அதே 123 கிரெயின், 2,580 அடி, சுமார் 2,460 ஜூல். பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

எடையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். மூன்றாவது பெட்டியான 300 பிளாக்அவுட்டின் ஒலியைவிட மெதுவான வகையில் 220 கிரெயின் குண்டு உண்டு. வேகம் சுமார் 1,000 அடிதான். ஆற்றல் 660 ஜூல் சொச்சம். சத்தம் அடக்கும் குழாயோடு கிட்டத்தில் சுட உருவானதைத் தூரத்துக்குக் கேட்பது நியாயமில்லை.

படி 3: போய்ச் சேரும்போது என்ன மிச்சம்? தயாரிப்பாளர்களின் அட்டவணையில் 300 கெஜத்து வேகம் இருக்கும். 7.62×39 அங்கே ஏறத்தாழ 1,500 அடிக்கு இறங்கிவிடுகிறது: சுமார் 830 ஜூல். கிரெண்டல் 2,080 அடி: 1,600 ஜூல். எடை ஒன்றுதான், ஆனால் மிச்சம் கிட்டத்தட்ட இருமடங்கு. காரணம் வடிவம். கிரெண்டலின் குண்டு மெலிந்து நீண்டது; காற்று அதை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இதைச் சொல்லும் எண்தான் 'பி.சி.' (கூடினால் காற்று பிடிப்பது குறைவு): கிரெண்டலுக்கு 0.51, 7.62×39-க்கு 0.3-க்குப் பக்கம்.

மானுக்கு 1,000 அடி-பவுண்டு, அதாவது 1,356 ஜூல் வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் பழைய கைக்கணக்கு. எனக்கு அதைவிட வேகம்தான் முக்கியம். பல வேட்டைக் குண்டுகள் உடம்புக்குள் மலர்ந்து விரிய 1,800 அடியாவது வேண்டும். விரியாவிட்டால் ஊசி போலத் துளைத்துப் போய்விடும். மான் ஓடிப்போய் எங்கோ கிடந்து துடிக்கும்.

நாலாவது பெட்டி 6 மி.மீ. ஏ.ஆர்.சி., 2020-இல் வந்தது. கிரெண்டலின் கூட்டையே (மருந்து இருக்கும் உலோக உறை) கழுத்தில் குறுக்கியது. 103 கிரெயின் வேட்டைக் குண்டு, 2,800 அடி. புறப்படும்போது ஆற்றலில் கிரெண்டலுக்குச் சமம்தான்.

படி 4: துப்பாக்கிக் குழலின் நீளத்தைக் கேளுங்கள். கிரெண்டலின் அந்த 2,580 அடி 24 அங்குலக் குழலில் அளந்தது. ஓர் அங்குலம் குறைந்தால் 20 முதல் 30 அடி வேகம் போகும். அக்கா வீட்டுக்காரர் வாங்க நினைப்பதோ 16 அங்குலம். மறுபடி கணக்குப் போட்டதில் 300 கெஜத்தில் 1,800 அடியைக் கொஞ்சம்தான் தாண்டியது. "கிரெண்டல் வாங்குங்க, ஆனா 250 கெஜத்தோட நிறுத்திக்குங்க" என்று எழுதி அனுப்பினேன்.