இங்கிலாந்து பிரபு மாளிகையையும் அதோட குதிரை லாயத்தையும் எப்படி சுத்திப் பாக்கணும் (சாட்ஸ்வர்த்தை வச்சு)

இங்கிலாந்து டூர் போறவங்க நிறைய பேர் இந்த மாதிரி பெரிய மாளிகைக்குப் போய் டிக்கெட் எடுத்து, உள்ள பூந்து, நாற்காலி பீங்கான் தட்டு எல்லாம் பாத்துட்டு வெளிய வந்து டீ குடிச்சுட்டு கிளம்பிடறாங்க. பணம் வேஸ்ட்னு சொல்ல மாட்டேன், ஆனா கட்டடத்தையே பாக்காம வந்த மாதிரிதான். டெர்பிஷயர்ல இருக்கற சாட்ஸ்வர்த்தை எடுத்துக்கிட்டு, எங்க நிக்கணும், எதைப் பாக்கணும்னு சொல்றேன். இதை ஒரு தடவை பழகிட்டா வேற எந்த மாளிகைக்குப் போனாலும் இதே கண்ணோட பாத்துக்கலாம்.

முதல்ல உள்ள போகாதீங்க. மாளிகைக்கு எதிர்ல ஓடற ஆத்துக்கு இந்தப் பக்கம் பாலம் கிட்ட நின்னு முழுசா ஒரு தடவை பாருங்க. இப்ப நீங்க பாக்கற கட்டடம் 1687-ல ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி அதே இடத்துல 1552-ல பெஸ் ஆஃப் ஹார்ட்விக்ங்கற பெரிய பணக்கார அம்மா கட்ட ஆரம்பிச்ச வீடு இருந்துச்சு. பின்னாடி வந்த வாரிசு, அவர்தான் பின்னால முதல் டெவன்ஷயர் டியூக் (பிரபுக்கள்ல உச்சப் பட்டம், பரம்பரையா வரும்) ஆனவர், தெற்குப் பக்கத்தை மட்டும் மாத்தலாம்னுதான் கை வச்சாரு, கட்டற ருசி விடல, அப்புறம் கிழக்கு, அப்புறம் மேற்கு, கடைசில வடக்குன்னு 1707 வரைக்கும் இழுத்துட்டுப் போயி பழைய வீட்டையே நாலு பக்கமும் மாத்திட்டாரு. அதனால ஒரே பிளான்ல ஒரே மூச்சுல கட்டின வீடுன்னு நினைச்சுப் பாத்தா ஒண்ணுமே புரியாது. எந்த மாளிகைலயும் முதல் கேள்வி இதுதான்: எந்தப் பக்கம் எப்ப கட்டினது?

இதுக்கு விடை ஜன்னல்ல இருக்கு. ஜன்னலை எண்ணுங்க, நிஜமாவே விரல் விட்டு எண்ணுங்க. ஆர்க்கிடெக்ட் வில்லியம் டால்மன் கட்டின தெற்கு முகத்துல 12 வரிசை ஜன்னல் (மேலேர்ந்து கீழ ஒண்ணுக்கு நேரா ஒண்ணு இருக்கறதை ஒரு வரிசைன்னு எண்ணணும்). இரட்டைப்படை எண், அதனால நட்ட நடுவுல ஜன்னலோ வாசலோ வர வழியில்ல, கண்ணு தானா ரெண்டு ஓரத்துக்கும் போகும், ஓரங்கள்தான் கொஞ்சம் முன்னாடி துருத்திக்கிட்டு இருக்கும். அப்படியே நடந்து மேற்குப் பக்கம் வாங்க, அங்க 9 வரிசை, நடுவுல பில்லர், மேல முக்கோண முகப்பு, எல்லாம் நடுவையே காட்டும். ஜன்னல் சட்டத்துல தங்க ரேக்கு ஒட்டியிருப்பாங்க, சாயங்கால வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும், ஃபோட்டோ எடுக்கணும்னா அந்த நேரத்துக்கு வாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது வடக்கு முகம். மேற்குப் பக்கச் சுவரோட வடக்கு முனை, கிழக்குப் பக்கத்தோடதை விட 9 அடி வெளிய தள்ளி இருந்துச்சு, நேரா சுவர் எழுப்பினா கோணல் பட்டுனு தெரிஞ்சுடும். அதுக்கு என்ன பண்ணாங்கன்னா சுவரையே லேசா வளைச்சு விட்டுட்டாங்க! தாமஸ் ஆர்ச்சர் செஞ்ச வேலைன்னு சொல்வாங்க. வளைவை ரசிக்கற கண்ணு கோணலைப் பாக்காது, அவ்வளவுதான் டெக்னிக். இதே வடக்குப் பக்கத்துலதான் 1820-கள்ல ஆறாவது டியூக்குக்காக ஜெஃப்ரி வயட்வில் நீளமா ஒரு புது விங் சேத்தாரு, அதை சேத்து மாளிகைன்னு நினைச்சுட்டு பழைய வீட்டோட அளவை தப்பா எடை போடாதீங்க.

இன்னொரு பொது விதி. ஜன்னல் எந்த மாடில உயரமா இருக்கோ அந்த மாடிதான் முக்கியமான ஆளுங்களுக்கு. பெரும்பாலான மாளிகைல அது முதல் மாடி, ஆனா சாட்ஸ்வர்த்துல ராஜா தங்கற அறைகள் எல்லாம் ரெண்டாவது மாடில இருக்கு, பழைய வீட்டுல அங்கதான் இருந்துச்சு, அப்படியே தொடர்ந்துட்டாங்க. மூன்றாம் வில்லியமும் மேரியும் வருவாங்கன்னு செஞ்ச ஏற்பாடு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு வீட்டுக்கே வெள்ளையடிச்சு வச்சு கடைசில அவங்க வராமப் போன கதைதான், ராஜாவும் ராணியும் வரவே இல்ல. அடைச்சு வச்ச ஜன்னலைப் பாத்தா உடனே வரிக்காக அடைச்சதுன்னு சொல்லிடாதீங்க. ஜன்னல் வரி 1696-லேர்ந்து 1851 வரைக்கும் இருந்தது உண்மை, ஆனா உள்ள சுவரோ புகைபோக்கியோ குறுக்க வர்ற இடத்துல, வெளிய இருந்து பாக்க வரிசை கெடக்கூடாதுன்னு முதல்லயே போலி ஜன்னல் வச்சுக் கட்டினதும் நிறைய உண்டு.

இப்ப லாயத்துக்கு வாங்க. எல்லாரும் சாப்பிட மட்டும் போற இடம், நான் இங்கதான் அதிக நேரம் நிக்கச் சொல்வேன். நாலாவது டியூக், ஒரு வருஷத்துக்குக் குறைவா பிரதமரா கூட இருந்தவர், ஜேம்ஸ் பெய்னை வச்சு 1760 வாக்குல கட்டினது. வீட்டுக்கு வடகிழக்கே மேட்டு மேல, ஒரு பக்கம் சுமார் 190 அடி, நாலு பக்கமும் சேந்த சதுரம், நடுவுல முற்றம், 80 குதிரை கட்டற இடம். இங்கிலாந்துல காத்து பெரும்பாலும் தென்மேற்குல இருந்து அடிக்கும், அதனால வடகிழக்குல லாயம் இருந்தா சாண வாசனை வீட்டுப் பக்கம் வராது, அதே நேரம் மேட்டுல இருக்கறதால வர்ற விருந்தாளி கண்ணுலேர்ந்தும் தப்பாது.

வாசல்ல நில்லுங்க. கரடுமுரடான கல் பட்டை போட்ட நாலு டோரிக் தூண் (அலங்காரம் கம்மியான பழைய கிரேக்க பாணி), மேல பிரம்மாண்டமா குடும்பச் சின்னம், ரெண்டு பக்கமும் ஆள் உயர கல் மான், கொம்பு மட்டும் நிஜ மான் கொம்பு. அதுக்கும் மேல மணிக்கூண்டு. குதிரைக்கு எதுக்குடா இவ்வளவுனு தோணும். அன்னிக்கு நல்ல குதிரையும் கோச் வண்டியும்தான் அந்தஸ்து, அதனால லாயத்துக்கும் நல்ல ஆர்க்கிடெக்டைத்தான் கூப்பிட்டாங்க.

உள்ள போனதும் மேல கீழ ரெண்டும் பாருங்க. கீழ குதிரை, மேல மாடில தானியக் கிடங்கும் ஆளுங்க தங்கற ரூமும். எந்த லாயத்துலயும் தேட வேண்டியது இதெல்லாம்: ஜன்னல் குதிரை தலைக்கு மேல உயரத்துல இருக்கா, தண்ணி வடிய தரை சாய்வா இருக்கா, அகலமான ரெட்டைக் கதவு எங்க (அதுதான் கோச் நிறுத்தற இடம்), சேணம் வைக்கற ரூம்ல புகைபோக்கி இருக்கா, ஏன்னா அந்த ஊர் ஈரத்துல தோல் பூசணம் புடிச்சுடும், கணப்பு மூட்டியே ஆகணும். லாடம் அடிக்கற பட்டறையும் இதே கட்டடத்துக்குள்ளயே இருந்துச்சு. கோச் வைக்க இடம் பத்தாம 1830-கள்ல பின்னாடி தனியா ஒரு வண்டிக் கொட்டகை வேற கட்டினாங்க. கடைசி குதிரை போனது 1939-ல, அப்புறம் குடோன், கராஜ்னு ஓடி இப்ப கடையும் ரெஸ்டாரண்டுமா இருக்கு.

டைம் இருந்தா யார்க்‌ஷயர் பக்கம் வென்ட்வொர்த் உட்ஹவுஸ்ங்கற மாளிகைக்கும் போங்க. ஆர்க்கிடெக்ட் ஜான் கார் கட்டின லாயம், 84 குதிரைக்கு. சாட்ஸ்வர்த் லாயத்தை பாத்த கையோட அதைப் பாத்தா அளவு புரியும். லண்டன் நேஷனல் கேலரில ஆள் உயரத்தை விடப் பெரிசா தொங்குற விசில்ஜாக்கெட்ங்கற குதிரையோட ஓவியம், ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைஞ்சது, அந்தக் குதிரைக்கு சொந்தக்காரரும் வென்ட்வொர்த் லாயத்தைக் கட்ட வச்சவரும் ஒரே ஆளு, ராக்கிங்ஹாம் பிரபு. அதே யார்க்ஷயர்ல ஹோவிங்ஹாம் ஹால்ங்கற மாளிகை இன்னும் ஒரு படி மேல, அங்க வீட்டுக்குள்ள போற வழியே குதிரை ஓட்டிப் பழகற ஹால் வழியாத்தான். எங்க போனாலும் கிளம்பறதுக்கு முன்னாடி அந்தந்த இடத்தோட வெப்சைட்டைப் பாத்துடுங்க, குளிர்காலத்துல பல மாளிகை உள்பக்கம் மூடிடுவாங்க.