கம்பாலாவில் ஒரு விடுமுறை நாள்: தருமபுரியிலிருந்து செல்லும் தன்னார்வலருக்கு

பாலக்கோட்டிலிருந்து உகாண்டாவுக்குத் தன்னார்வப் பணிக்குச் சென்ற நான், தலைநகர் கம்பாலாவில் கிடைத்த முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் துணி துவைத்தே கழித்தேன். வெளியே போவதற்கு அல்ல, வழி தெரியாமல் இருட்டில் திரும்புவதற்கே அஞ்சினேன். ஆகவே, இப்போது அங்கே செல்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அன்றைய திட்டத்தைத் திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும் என்பதுதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை ஆறரை மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் கதிரவன் மறைந்து, விரைவாக இருட்டிவிடுகிறது. ஐந்து மணிக்குத் திரும்பும் வண்டியில் அமர்ந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் பார்க்க இயலாது. மூன்றாவதற்கு ஆசைப்பட வேண்டாம்.

அடுத்தது கடிகாரம். லுகாண்டா மொழியில் பொழுது விடிவதிலிருந்தே மணியை எண்ணுகிறார்கள். நம் முன்னோர் கதிரவன் எழுந்ததிலிருந்து நாழிகை எண்ணியதைப் போன்றதே இது. நம்முடைய காலை ஏழு மணி அவர்களுக்கு ‘சாவா எமு’, அதாவது ஒரு மணி. ஒன்பது மணி ‘சாவா சத்து’, அதாவது மூன்று மணி. ஆங்கிலத்தில் பேசும்போது வழக்கமான மணியையே சொல்வார்கள் என்றாலும், உள்ளூர் மொழியில் நேரம் குறிக்கும்போது காலையா மாலையா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ‘சத்து’ என்றால் மூன்று என்பதை மட்டும் கற்றுவைத்திருந்த நான், காலை ஒன்பது மணிக்கு வந்து காத்திருந்த ஒருவரைத் தேடிப் பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்றேன்.

நகருக்குள் செல்ல, நீலக் கட்டங்கள் வரைந்த வெள்ளை நிறச் சிற்றுந்துகள் உள்ளன. பதினான்கு பேர் அமரும் இவற்றை அங்கே ‘டாக்சி’ என்கிறார்கள். நம் ஷேர் ஆட்டோவைப் போல ஆள் நிறைந்தால்தான் நிலையத்திலிருந்து புறப்படும். நிறுத்தத்துக்கு ‘ஸ்டேஜ்’ என்று பெயர். நீங்கள் தங்கியிருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஸ்டேஜின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளே உங்கள் திரும்பும் வழி. பயணக் கட்டணத்தை நடத்துநரிடம் கேட்பதற்கு முன், பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் கேட்பது நல்லது. வாடகை மோட்டார் சைக்கிளுக்கு ‘போடா போடா’ என்று பெயர். எல்லை என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. நடுத்தெருவில் ஒருவர் நம்மைப் பார்த்துப் ‘போடா’ என்று கூவும்போது முதல் நாள் முகம் சுருங்கத்தான் செய்யும். ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசி முடியுங்கள். தலைக்கவசம் தராதவரின் வண்டியில் ஏறாதீர்கள்.

பழைய டாக்சி நிலையத்தில் இறங்கி, நடக்கும் தொலைவில் உள்ள பழைய கம்பாலாக் குன்றின் தேசிய மசூதிக்கு முதலில் செல்லுங்கள். உகாண்டாவை ஆண்ட சர்வாதிகாரி இடி அமீன் காலத்தில் தொடங்கிப் பாதியில் நின்ற இக்கட்டடம், பின்னர் லிபியாவின் கடாஃபி அளித்த பணத்தில் முடிக்கப்பட்டது. இதன் கோபுரத்தில் ஏறத்தாழ 300 படிகள் உள்ளன. தீர்த்தமலை ஏறிய கால்களுக்கு அது பெரிதல்ல. மேலிருந்து பார்த்தால், ஒரு குன்றின் மேல் ருபாகா கத்தோலிக்கப் பேராலயமும், இன்னொன்றின் மேல் நமிரெம்பே ஆங்கிலிக்கன் பேராலயமும் தெரியும். அவற்றை அடையாளமாகக் கொண்டால் ஊரின் திசைகள் மனத்தில் பதிந்துவிடும். முதல் இடமாக இதைச் சொல்வதற்குக் காரணம் அதுதான். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, கசுபி கல்லறைகள். 1882-இல், கம்பாலாவைச் சுற்றியுள்ள புகாண்டா நாட்டின் அரசர் முதலாம் முத்தேசா கட்டிய அரண்மனை, 1884-இல் அவர் இறந்த பின் கல்லறையாயிற்று; நான்கு அரசர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இதன் பெரிய கூரைவீடு 2010 மார்ச் மாதத்தில் தீக்கிரையாகி, மீண்டும் எழுப்பப்பட்டது. பெண்கள் நீண்ட பாவாடையோ இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணியோ அணிய வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வது நமக்குப் புதிதல்ல.

மதிய உணவைச் சிறு உணவகங்களில் உண்ணலாம். அங்கே ‘உணவு’ என்றால் வேகவைத்த வாழைக்காயான மடோக்கே போன்றவை. அதற்கு மேல் ஊற்றுவது ‘சாஸ்’. மேற்கு உகாண்டாச் சமையல் கிடைக்கும் கடையில் ‘கலோ’ இருக்கிறதா என்று கேளுங்கள். கேழ்வரகு மாவில் கிண்டிய களிதான் அது. பெயரில்கூட நம் களியின் சாயல் இருப்பது தற்செயல் என்றாலும், கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து நம்மிடம் வந்த தானியம். சைவ உணவுக்காரர்கள் நிலக்கடலைக் குழம்பைக் கேட்கும்போது, அதில் கருவாடு சேர்த்திருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

மார்ச் முதல் மே வரையிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் பெருமழை வரக்கூடும். டாக்சி நிலையப் பகுதி பள்ளத்தில் இருப்பதால் தண்ணீர் தேங்கி வண்டிகள் நின்றுவிடும். மேகம் கருத்தால், கசுபியைப் பாதி பார்த்த நிலையிலும் கிளம்பிவிடுங்கள். ஏறிய வண்டி நிறைவதற்கே அரை மணி நேரம் ஆகலாம்.