கோய் மீனைப் போட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கண்ணாடித் தொட்டி முன்னால் நின்று கோய் வாங்கினால், பாதித் தவறு அங்கேயே நடந்துவிடும். பக்கவாட்டில் பார்க்க மீன் ஜொலிக்கும். வீட்டுக் குளத்தில் விட்டு மேலிருந்து பார்த்தால் முதுகில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஜப்பானில் நீகாட்டா மலைக்கிராமத்து நெல் விவசாயிகள் சாப்பாட்டுக்கு வளர்த்த கெண்டையிலிருந்து வந்த மீன் இது. குளக்கரையில் நின்று குனிந்து பார்த்துத்தான் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். போட்டியிலும் நீலத் தொட்டியில் விட்டு, நடுவர்கள் மேலிருந்துதான் பார்ப்பார்கள். அதனால் வாங்கும்போது ஒரு பேசினில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நீளத் துடுப்புள்ள பட்டர்ஃபிளை கோய் ஜப்பானிய முறைப் போட்டிகளில் எடுபடாது. ஆசைக்கு வளர்க்கலாம்.

அடுத்தது நிறத்தில் மயங்குவது. முதலில் பார்க்கப்படுவது உடம்பு. தலைக்குப் பின்னால் தோள் அகன்று, வால் அடி வரை சீராக ஒடுங்க வேண்டும். முதுகெலும்பு நேராக இருக்க வேண்டும். தோலின் தரமும் நிறத்தின் திடமும் அதற்குப் பிறகு. சிவப்புத் திட்டு எங்கே விழுந்திருக்கிறது என்பது கடைசியில்தான். நாம் தலைகீழாகப் பார்க்கிறோம். 2018-இல் ஹிரோஷிமாவின் சாகாய் பண்ணையில் ஒரு கோஹாகு பெண் மீன் 20.3 கோடி யெனுக்கு ஏலம் போனது. கோஹாகு என்பது வெள்ளையில் சிவப்பு, அவ்வளவுதான். வெறும் கோலத்துக்கு யாரும் அந்த விலை கொடுக்க மாட்டார்கள்.

சின்ன மீனில் இந்த மயக்கம் இன்னும் மோசம். 15 செ.மீ. குட்டியில் ஓரமெல்லாம் கத்தியால் வெட்டியது போல் சுத்தமாக, சிவப்பு ஏறி, 'ரெடி'யாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். சீக்கிரம் பழுத்தது சீக்கிரம் வெளுக்கும். சிவப்புத் திட்டின் முன் ஓரத்தில் வெள்ளைச் செதிலுக்கு அடியில் சிவப்பு மங்கலாகத் தெரியும். அதை சாஷி என்பார்கள். குட்டியில் அது குறையே இல்லை. கறுப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றும் கலந்த ஷோவா வகையில் கறுப்பு மேலே வர வருடக்கணக்காகும். சாம்பல் நிழலாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு 'கறுப்பே இல்லை' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பரிசு ஆசையில் தீவனத்தை அள்ளிப் போடுவது நம் வீட்டுப் பழக்கம். மீன் நீளாமல் வயிறுதான் தொங்கும். தலை சிறுத்து, உடம்பு பலூனாகும். நிறமேற்றும் ஸ்பைருலினா பாசித் தீவனத்தை மாதக்கணக்கில் நிறுத்தாமல் போட்டால் சிவப்பு ஏறுவதோடு வெள்ளையும் மஞ்சளாகும். பழுப்பேறிய வேட்டி போல ஒரு கோஹாகு மேடைக்கு வந்தால் வேறென்ன இருந்தும் பயனில்லை.

தண்ணீர் விஷயத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், குளோரின் அறவே கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். புது ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஊன்ற நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதைத்தான் அவசரத்தில் மறக்கிறோம். கடினத்தன்மை கூடிய போர் தண்ணீரில் கறுப்பு தடிக்கும். வெள்ளையில் சிவப்பும் கறுப்பும் உள்ள சான்கே வளர்ப்பவர்கள் சந்தோஷப்படலாம். ஆனால் அதே தண்ணீரில் கோஹாகுவின் மேல் மிளகு தூவியது போல் கரும்புள்ளி வரும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம்.

இனி கிளம்பும் நேரம். பெரிய மீனுக்கு நாலைந்து நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள். 'பட்டினி போடுவதா, பாவம்' என்று முந்தின நாள் ஒரு பிடி போட்டால், அது பயணத்தில் பைக்குள் கழிவாகி, அந்தத் தண்ணீரையேதான் மீன் சுவாசிக்க வேண்டும்.

வலையால் தூக்குவதும் கூடாது. என் முதல் போட்டியில் ஆர்வக்கோளாறில் 50 செ.மீ. சான்கே ஒன்றை வலையோடு அலாக்காகத் தூக்கினேன். ஒரே துள்ளல். கீழே இறக்கிப் பார்த்தால் வால் துடுப்பு நுனியிலிருந்து ஒரு விரல் நீளம் கிழிந்திருந்தது, தோள்பக்கம் மூன்று செதில் காணோம். மீன் பதிவுக்கே போகவில்லை. ஆழமில்லாத அகன்ற வலை மீனை ஓட்டிக்கொண்டு போவதற்கு மட்டும். பேசினைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, மீன் தானாக உள்ளே நுழைந்ததும் பேசினை நிமிர்த்த வேண்டும். இருவர் இருந்தால் நல்லது, ஆனால் ஒருவர்தான் பேச வேண்டும்.

பையைப் பிரிக்கும் விஷயத்தில் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். மூடிய பைக்குள் மீன் மூச்சு விட விட கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணீரின் பிஹெச் இறங்கும். அந்த நிலையில் பையிலிருக்கும் அம்மோனியா பெரும்பாலும் தீங்கில்லாத வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை ஊற்றி 'பழக்கும்போது' அந்த வாயு வெளியேறி பிஹெச் ஏறுகிறது. அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாகி, செவுளை எரிக்கிறது. நீண்ட பயணத்துக்குப் பிறகு பையைத் திறக்காமலே தொட்டியில் அரைமணி மிதக்கவிடுங்கள். வெப்பம் சமமானதும் திறந்து, உடனே மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டியில் விழக் கூடாது.

போட்டி முடிந்து, கோப்பையோ வெறுங்கையோ, வீட்டுக்கு வந்ததும் மீனை நேராகப் பழைய குளத்தில் விடுவதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு. ஜப்பானிய முறையில் பல பேருடைய மீன்கள் ஒரே தொட்டியில் நீந்தியிருக்கும். கோய் ஹெர்பிஸ் வைரஸ் 2003-இல் ஜப்பானின் காசுமிகவுரா ஏரியில் பண்ணைக் கெண்டைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. சுமார் 16 முதல் 28 டிகிரி வெப்பத்தில்தான் அது வேலையைக் காட்டும். நம் ஊரில் கோடையில் தண்ணீர் 30-ஐத் தாண்டி நிற்கும்போது வைரஸ் உள்ளேயே பதுங்கியிருக்கலாம், மீனும் தெம்பாகத் தெரியும். மார்கழியில் தண்ணீர் குளிர்ந்ததும் குளம் முழுக்க மீன் செத்து மிதக்கும். அதனால் தனித் தொட்டி, தனி வலை, தனி பேசின், தண்ணீர் 23, 24 டிகிரியில் நிற்க சில்லர் என்னும் குளிரூட்டி, குறைந்தது மூன்று வாரம். ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோ கல் உப்பு போட்டால் பயணக் களைப்பு தணியும், வைரஸுக்கு அது மருந்தல்ல. தொட்டிக்கு வலை போட்டு மூடவும் மறக்காதீர்கள். புது இடத்தில் விட்ட முதல் ராத்திரிதான் கோய் அதிகம் குதிக்கும்.