இன்டீரியர் டிசைன் வகுப்பு: ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“உன் கனவு அறையை வரை.” கோடை முகாமோ, சனிக்கிழமை கிளப்போ, இன்டீரியர் டிசைன் என்றால் முதல் நாள் பலகையில் ஏறும் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். ஒரு மணி நேரத்தில் தாள்கள் குவிந்துவிடும். சுவர் முழுக்க டிவி, மாடிக் கட்டில், அதிலிருந்து இறங்கச் சறுக்குமரம், மூலையில் மீன்தொட்டி. பார்க்க நன்றாகவே இருக்கும். அந்த அறை எத்தனை அடி, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நுழைய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரிடமும் பதில் இருக்காது. நடந்தது ஓவிய வகுப்பு. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் இன்டீரியர் டிசைன் இன்னும் தொடங்கவே இல்லை.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ரசனையைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அளக்கவும், மனிதர்கள் ஓர் இடத்தை எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்க்கவும் பழக்கினால் போதும். வகுப்பில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் தாண்டிக் குதித்து நேராக அலங்காரத்துக்குப் போவதால் வருபவை.

சொந்த அறை இல்லாத பிள்ளை

கனவு அறைப் பயிற்சியில் இன்னொரு சங்கடமும் உண்டு. வகுப்பில் எத்தனை பேருக்குத் தனி அறை இருக்கும்? ஒரே ஹாலில் பகலில் வீட்டுப்பாடம், மாலையில் டிவி, இரவில் பாய் விரித்துப் படுக்கை என்று வாழும் குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். “உன் பெட்ரூமைப் போட்டோ எடுத்து வா” என்று சொன்ன நொடியில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். மறுநாள் சிலர் போட்டோ இல்லாமல் வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். வீட்டுக்குள் எடுத்த படத்தைக் கேட்பதே சரியில்லை என்பது தனி விஷயம்.

எல்லோருக்கும் பொதுவான இடத்தை எடுங்கள். வகுப்பறை, நூலகம், நடைபாதை, சத்துணவு சாப்பிடும் இடம், சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. யார் வேண்டுமானாலும் போய் அளக்கலாம். ஒருவர் அளந்ததை இன்னொருவர் சரிபார்க்கலாம். வீட்டைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரே கற்பனைக் குடும்பத்தைக் கொடுங்கள்: 10 அடிக்கு 12 அடி ஹால், அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். இதில் படிக்க ஓர் இடம், படுக்க ஓர் இடம், பாட்டிக்கு எழுந்து நடக்க வழி. பெரிய பங்களாவை அலங்கரிப்பதைவிட இது கடினமான கணக்கு. ஒற்றை ஹாலில் வளரும் பிள்ளைதான் இதில் மற்றவர்களுக்கு யோசனை சொல்லும்.

டேப்பில் தொடங்கும் குழப்பம்

கணக்குப் புத்தகத்தில் மீட்டரும் சென்டிமீட்டரும். வீட்டில், கொத்தனாரிடம், மரக்கடையில் அடியும் அங்குலமும். பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு “அறையை அளந்து வா” என்று சொன்னால் வருவதெல்லாம் தப்பாக வரும். மிக அதிகம் பார்க்கக்கூடிய தவறு: 10 அடி 6 அங்குலத்தை 10.6 என்று எழுதுவது. அடிக்கு 12 அங்குலம் என்பதால் அது 10.5. சுவர் 10 அடி 11 அங்குலம் இருந்தால் 10.11 என்று எழுதி, அது 10.6-ஐவிடச் சிறியது என்றும் முடிவுகட்டுவார்கள். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். தசமத்தைப் படித்த பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். இதற்கென்றே ஒரு பீரியட் ஒதுக்கினாலும் வீணில்லை.

வகுப்புக்குள் சென்டிமீட்டரிலேயே அளக்கச் சொல்வது நல்லது. ஓர் அடி என்பது 30.48 செ.மீ.; வீட்டில் பேசும்போது மாற்றிச் சொல்லத் தெரிந்தால் போதும். இரும்பு டேப் கொடுங்கள். தையல் டேப் 150 செ.மீ.தான் இருக்கும், பழையதாக இருந்தால் இழுவையும் கொடுத்திருக்கும். அதை நகர்த்தி நகர்த்தி அளக்கும்போது ஒவ்வொரு நகர்த்தலிலும் கொஞ்சம் நழுவும். ஒரே சுவரை மூன்று குழுக்கள் தனித்தனியாக அளந்து பலகையில் எழுதட்டும். விடைகள் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடிப் போகிற அந்தப் பத்து நிமிடம்தான் பாடம்.

அடுத்தது ஸ்கேல், அதாவது நிஜ அளவைத் தாளில் எத்தனை மடங்கு சுருக்கி வரைகிறோம் என்ற விகிதம். விகிதக் கணக்கு ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது, ஆனால் தாளில் வரைய அதைப் பயன்படுத்தலாம் என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். 1:50 என்றால் 1 மீட்டர் சுவர் தாளில் 2 செ.மீ. 20 அடி நீள வகுப்பறை சுமார் 6.1 மீட்டர்; தாளில் 12.2 செ.மீ. ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். 1:20 வைத்தால் அதே சுவர் 30.5 செ.மீ. ஆகித் தாளுக்கு வெளியே போய்விடும். 1:100 வைத்தால் பெஞ்ச் எறும்பு மாதிரி ஆகிவிடும். எந்த விகிதம் என்று நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுவதும் ஒரு தவறுதான். மூன்றையும் வரைந்து பார்த்து அவர்களே 1:50-க்கு வரட்டும்.

மேலிருந்து பாதி, பக்கத்திலிருந்து பாதி

பிளான் என்பது அறையை நேர் மேலிருந்து பார்ப்பதுபோல வரைவது. பதினொரு வயதுப் பிள்ளை வரைந்த பிளானில் கட்டில் மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். நாற்காலி பக்கத்திலிருந்து, நான்கு காலுடன். மின்விசிறி உச்சியிலிருந்து தொங்கும், ஜன்னலில் கம்பி தெரியும். இதைச் சிவப்பு மையால் அடிப்பதில் பயனில்லை. மாடி வராந்தாவுக்கு அழைத்துப் போய், கீழே மைதானத்தில் ஒரு நாற்காலி, ஒரு குடை, ஒரு வாளி வைத்து, தெரிவதை மட்டும் வரையச் சொல்லுங்கள். குடை வட்டமாகிவிடும், நாற்காலி சதுரமாகிவிடும். பிளான் என்றால் என்னவென்று அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்காது.

மேசை நாற்காலிகளை நேராகத் தாளில் வரைய விடுவது இன்னொரு சறுக்கல். ஒருமுறை வரைந்துவிட்டால் அழிக்க மனம் வராது. எங்கே வரைந்தார்களோ அதுவே சரியான இடம் என்று வாதாடுவார்கள். அதே ஸ்கேலில் அட்டையில் வெட்டிய துண்டுகளைக் கொடுங்கள், நகர்த்திப் பார்க்கட்டும். 10 அடிக்கு 10 அடி அறையை 1:50-ல் வரைந்தால் ஒரு பக்கம் 6.1 செ.மீ. 5 அடிக்கு 6½ அடி இரட்டைக் கட்டில் தோராயமாக 3-க்கு 4 செ.மீ. அட்டை. 3 அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள இரும்பு பீரோ 1.8-க்கு 1 செ.மீ. கட்டிலின் தலைமாட்டை ஒரு சுவரில் வைத்தால் கால்மாட்டுக்கு அப்பால் மூன்றரை அடி மிஞ்சும். அங்கே பீரோவை நிறுத்தினால் நடுவில் இரண்டே அடி. பீரோவின் ஒவ்வொரு கதவும் ஒன்றரை அடி திறக்கும். திறக்கிற ஆள் எங்கே நிற்பார்? பக்கச் சுவருக்கு மாற்றினால் அங்கே அறைக்கதவு வந்து இடிக்கிறது. இந்த மூன்று பொருள்களும் போதும், வகுப்பு அரை மணி நேரம் சண்டை போடும். எல்லாக் கதவுக்கும் அது திறக்கும் கால்வட்டத்தை வரையச் சொல்ல மறக்காதீர்கள். பிள்ளைகள் மட்டுமில்லை, வீடு கட்டும் பெரியவர்களும் விட்டுவிடுவது அதைத்தான்.

அட்டவணையைக் கொடுக்காதீர்கள், உடம்பை அளக்கட்டும்

நாற்காலி இருக்கை 45 செ.மீ., மேசை 75 செ.மீ., ஒருவர் நடக்க 60 முதல் 90 செ.மீ. இந்த எண்களைப் பலகையில் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பது எளிது. ஆனால் இவை பெரியவர்களுக்கானவை. ஆறாம் வகுப்பில் குள்ளமான பிள்ளை 45 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படாது; அதே பள்ளியில் எட்டாம் வகுப்பில் உயரமான பிள்ளைக்கு டெஸ்கின் அடிப்பலகையில் முட்டி இடிக்கும். உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, முழங்கை வரை, நின்று கையை நீட்டினால் எட்டும் உயரம் என்று மூன்றே அளவுகள். பிடித்த தோழனோடோ தோழியோடோ ஜோடியாக எடுக்கட்டும். எடை, இடுப்பளவு பக்கமே போகாதீர்கள். பெயர் போட்டுச் சுவரில் ஒட்டவும் வேண்டாம். கேலிக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

புழங்கும் இடத்தைப் பற்றிய கதை சொல்ல வேண்டுமானால் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையைச் சொல்லலாம். 1926-ல் அந்த ஜெர்மன் நகரின் குடியிருப்புத் திட்டத்துக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலறைதான் அவருக்கு முன்மாதிரிகளில் ஒன்று. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை திரும்புகிறார் என்று கணக்குப் பார்த்து அலமாரிகளை வைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. கதையை இதோடு நிறுத்தினால் பாராட்டுரை ஆகிவிடும். ஒரே ஆள் சமைப்பதாக வைத்துச் செய்ததால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க அங்கே இடமில்லை என்ற குறையையும் சொல்லுங்கள். கேஸ் சிலிண்டர், கிரைண்டர், தண்ணீர்க் குடம் மூன்றையும் அந்த அறைக்குள் எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள்.

பிறகு அதே கண்ணோடு சத்துணவு வரிசையைப் பார்க்கச் சொல்லலாம். தட்டு எங்கே எடுக்கிறோம், எங்கே கை கழுவுகிறோம், இரண்டு வரிசையும் எங்கே முட்டிக்கொள்கின்றன? பிளானில் பென்சிலால் அந்த வழியை வரைந்தால் கோடுகள் சிக்கிக்கொள்ளும் இடம் தானாகத் தெரியும்.

நிறமும் வெளிச்சமும்

சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி, மஞ்சள் என்றால் மகிழ்ச்சி. இந்தப் பட்டியலை விதிபோலச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தலாம். செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல் தரையில் சிவப்பு தாராளமாக இருக்கிறது; அதன்மேல் யாரும் கோபமாக உட்கார்ந்திருப்பதாகத் தெரியவில்லை. நிற வட்டத்தைக் காட்டலாம், தவறில்லை. ஆனால் அச்சடித்த வட்டத்தைப் பார்த்து வண்ணமடிப்பதோடு நின்றுவிடக் கூடாது. பெயின்ட் கடையின் ஷேட் கார்டு ஒன்றை வாங்கி வந்து, ஒரே நிறத்தை ஜன்னல் வெயிலிலும், 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை டியூப்லைட்டுக்கு அடியிலும், 2700 கெல்வின் மஞ்சள் பல்புக்கு அடியிலும் வைத்துப் பார்க்கட்டும். மூன்றும் வேறு வேறு நிறமாகத் தெரியும். மொபைல் திரையில் பார்த்துச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுத்தால் ஏன் ஏமாறுகிறோம் என்பதும் அப்போது விளங்கும்.

வெளிச்சத்தை விளக்கிலிருந்து தொடங்குவதும் பொதுவான தவறு. முதலில் சூரியன். ஜன்னல் வழியாகத் தரையில் விழும் வெயில் சதுரத்தின் ஓரத்தை ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் சாக்பீஸால் கோடிடுங்கள். மாலைக்குள் மேற்கு ஜன்னல் ஓரம் உட்காருபவர் ஏன் புலம்புகிறார் என்று தரையே காட்டிவிடும். வலக்கையால் எழுதுபவருக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் கையின் நிழல் எழுத்தில் விழாது. இடக்கைப் பிள்ளைக்கு இது அப்படியே தலைகீழ்.

வாஸ்து பற்றி ஒரு பிள்ளையாவது கேட்கும். கிண்டல் செய்யாதீர்கள், பாடமாகவும் எடுக்காதீர்கள். “வீட்டில் பெரியவர்கள் அப்படிக் கேட்டால் அதுவும் ஒரு நிபந்தனை, அதற்குள் எப்படி இடம் அமைப்பாய்?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

யாரை அழைப்பது, எங்கே போவது

வெளி ஆள் என்றால் உடனே ஸ்லைடு ஷோவோடு வரும் டிசைனரைத் தேடுகிறோம். பளபளக்கும் படங்கள் வரும், பிள்ளைகள் வாய் பிளப்பார்கள், அதோடு முடியும். ஒரு தச்சு ஆசாரியை அழைத்து, ஓர் அலமாரிக்கு அவர் எப்படி அளவெடுக்கிறார், பிளைவுட் பலகையை வீணாகாமல் எப்படி வெட்டுகிறார் என்று காட்டச் சொல்லுங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டு வரை சொல்லும் பத்து ‘பை இல்லா நாட்கள்’, அதாவது புத்தகப் பை இல்லாமல் வந்து கைத்தொழில் பழகும் நாட்கள், இருக்கும் பள்ளிகளில் இதற்கு நேரம் கேட்பதும் சுலபம். சுற்றுலா என்றால் ஃபர்னிச்சர் ஷோரூம் வேண்டாம். சென்னைக்கு அருகிலிருப்பவர்கள் தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகலாம். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் நின்றுவிட்டு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால், தொழில் வீட்டை எப்படி வடிவமைக்கிறது என்று நீங்கள் சொல்லாமலே புரியும். கையில் டேப்பும் நோட்டும் இல்லாமல் மட்டும் அழைத்துப் போகாதீர்கள்.

மாடல் செய்யும்போது கட்டர் கத்தியையும் சூடான பசைத் துப்பாக்கியையும் பெரியவர்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செருப்புப் பெட்டி, கத்தரிக்கோல், ஃபெவிகால் போதும். பையன்களை அளக்கவும் வெட்டவும், பெண்களை வண்ணமடிக்கவும் திரைச்சீலை தேர்ந்தெடுக்கவும் பிரித்துவிடும் பழக்கம் குழு வேலையில் தானாக நுழையும். வாரந்தோறும் வேலையை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

மென்பொருள் பிறகு வரட்டும். ஸ்வீட் ஹோம் 3டி இலவசம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே மதியத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் ஸ்கேல் புரியாமல் அதில் உட்கார்ந்தால் 12 அடி சோபாவை 8 அடி அறையில் திணித்துவிட்டுச் சுழற்றிச் சுழற்றி ரசிப்பார்கள். கையால் ஒரு பிளான் வரைந்து முடித்தவருக்கே கணினி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் போடும்போது அழகான சார்ட்டுக்குக் கை தானாகப் போகும். ஓவியம் வராத, ஆனால் அளவு சரியாக எடுத்த பிள்ளை அங்கேயே சோர்ந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் “இது ஏன் இங்கே?” என்று ஒரு வரி எழுதச் சொல்லி, அந்த வரிக்கு மதிப்பெண் போடுங்கள். “நல்லா இருக்கும்” என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள்.

கடைசியில் கண்காட்சி வைத்துச் சார்ட்டுகளைச் சுவரில் மாட்டுவதோடு முடித்துவிடுவதும் தவறுதான். தலைமை ஆசிரியரிடம் கேட்டு, பிள்ளைகள் போட்ட பிளான்களில் ஒன்றின்படி வகுப்பறை பெஞ்சுகளை ஒரு வாரத்துக்கு மாற்றிப் போடுங்கள். பலகை எல்லோருக்கும் தெரிகிறதா, கடைசி பெஞ்சிலிருந்து வெளியே வர எத்தனை பேரை எழுப்ப வேண்டியிருக்கிறது, பெருக்கும் அக்காவுக்கு வசதியா என்று அவர்களே விசாரிக்கட்டும். பழைய வரிசைக்கே திரும்பிவிடலாம் என்று வகுப்பு முடிவெடுத்தால், அதற்கும் காரணம் எழுதி வாங்குங்கள்.