லாஸ் வேகாஸ் குழாய்த் தண்ணீருக்கு எந்த ஃபில்டர்?

லாஸ் வேகாஸ் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆற்று நீர், மீட் ஏரி வழியாக வருவது. சட்டப்படி குடிக்கத் தகுந்ததுதான். ஆனால் கடினத்தன்மை லிட்டருக்கு 280 மி.கி. அளவில் இருக்கும், கெட்டிலில் வெள்ளைப் படிவு அதனால்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கரைந்த உப்பு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். பக்கத்து ஊரான ஹெண்டர்சனில் ராக்கெட் எரிபொருளுக்கான பெர்குளோரேட் தயாரித்த ஆலைகளிலிருந்து கசிந்ததும் முன்பு ஏரியில் கலந்தது.

குளோரின் வாடை மட்டும்தான் தொந்தரவு என்றால் கார்பன் ஜக் போதும். கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் குழாயைக் காக்கும், ஆனால் சோடியத்தைச் சேர்க்கும். ஆர்செனிக், பெர்குளோரேட், உப்பு குறைய சிங்க்குக்கு அடியில் ஆர்.ஓ. (நுண்சவ்வு வழியாக நீரை அழுத்தி வடிக்கும் கருவி) பொருத்துங்கள், அதற்கான தரச் சான்றான என்.எஸ்.எஃப். 58 முத்திரை இருக்கிறதா, எந்தெந்தப் பொருளுக்குச் சான்று என்று பாருங்கள்.

பொருத்தியதும் முதல் டேங்க் நீரைக் கொட்டிவிடுங்கள். ஆர்.ஓ.வில் உள்ள கார்பன் ஃபில்டரை 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் குளோரின் மெம்பிரேனை, அதாவது அந்தச் சவ்வை, அரித்துவிடும். விலை கூடிய பாகம் அதுதான். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் குழாய் நீர் 600 என்றால் வடித்தது 60-க்குள் இருக்கட்டும். 120 தாண்டினால் மெம்பிரேனைச் சந்தேகியுங்கள்.

தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறதா? சப்ளையை அடைத்து, டேங்கைக் காலி செய்து, அடியிலுள்ள காற்று வால்வில் டயர் கேஜ் வையுங்கள். 7-8 பி.எஸ்.ஐ. அழுத்தம் இல்லையென்றால் சைக்கிள் பம்ப்பால் அடியுங்கள். வால்விலிருந்து தண்ணீர் கசிந்தால் உள்பை கிழிந்துவிட்டது, டேங்கையே மாற்ற வேண்டும்.