குழாயைச் சிறிதாக்கினால் தண்ணீரின் வேகம் கூடிவிடாது

பசை சரியாகத் தடவாதது, டெப்லான் டேப்பைக் குறைவாகச் சுற்றியது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. முதல் கசிவிலேயே அவை புரிந்துவிடும். குழாயின் அளவில் செய்யும் தவறு அப்படியல்ல. பூச்சு முடிந்து, டைல்ஸ் ஒட்டி, குடிவந்த பிறகுதான் தெரியும். நாங்கள் பிளம்பிங் தொழிலுக்கு வந்த புதிதில் செய்ததையே இன்றைய இளைஞர்களும் செய்வதைப் பார்க்கிறேன்.

வேகத்துக்காகக் குறுக்குவது

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒரு அங்குலக் குழாய் இறங்கும். முதல் எல்போ (வளைவு இணைப்பு) தாண்டியதும் ரெடியூசர் (அளவைக் குறைக்கும் இணைப்பு) போட்டு, குளியலறை வரை அரை அங்குலத்தையே இழுத்துவிடுவார்கள். கேட்டால், "சின்னக் குழாய் போட்டால்தான் சார் வேகமாக வரும்" என்பார்கள்.

தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுகிறதே என்பதுதான் இந்த நம்பிக்கைக்கு வேர். அங்கே வாய் மட்டும்தான் குறுகுகிறது. ஹோஸின் மீதி நீளம் அகலமாகவே இருக்கிறது. குழாய் முழுவதையும் குறுக்கினால், இருக்கிற அழுத்தத்தை உராய்வு வழியிலேயே தின்றுவிடும். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டத்தில் செலுத்தினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 30 மடங்காகிறது.

அழுத்தத்தைத் தருவது உயரம் மட்டுமே. 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. தொட்டி மாடித்தளத்திலிருந்து மூன்றடி உயரத்தில் இருந்தால், மேல்தளத்து ஷவருக்குக் கிடைப்பது சுமார் இரண்டு மீட்டர் உயரம்தான், அதாவது 0.2 கிலோ. அதையும் குழாய்க்குள் தொலைத்தால் ஷவரில் சொட்டத்தான் செய்யும். கீழ்த்தளத்துக்கு இன்னும் பத்தடி கூடுவதால் அங்கே குறை தெரிவதில்லை.

ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. மேல்மாடி ஷவர் சரியாக வரவில்லை என்று பிரஷர் பம்பு வாங்கி வைத்தார்கள். ஒரு குழாயைத் திறந்தால் நன்றாக வந்தது. இரண்டாவதைத் திறந்ததும் இரண்டுமே சோர்ந்தன. கடைசியில் சுவரை உடைத்து முக்கால் அங்குலம் போட்டோம். உடைத்த டைல்ஸின் அதே நிறம் கடையில் கிடைக்கவில்லை. அந்தச் சுவரில் இன்றும் ஒரு பட்டை தனியாகத் தெரிகிறது. ஆரம்பத்திலேயே முக்கால் போட்டிருந்தால் கூடியிருக்கும் செலவு அந்தப் பம்பின் விலையில் ஒரு பகுதிகூட இல்லை. இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) அரை அங்குலத்தின் உள்விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்) அரை அங்குலத்தில் அது சுமார் 12.4 தான். பெயர் ஒன்று; தண்ணீர் போகும் பரப்போ ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. பழைய வீட்டில் ஜிஐயை எடுத்துவிட்டு அதே அளவில் சிபிவிசி போடாதீர்கள்.

இரண்டு தள வீட்டுக்கு நான் போடுவது இது: தொட்டியின் வெளிவாய் ஒன்றேகால், இறங்கும் குழாய் ஒன்று, குளியலறைக்குள் முக்கால். அரை அங்குலம் கடைசியாகத் திறந்து மூடும் குழாயை மாட்டும் இடத்தில் மட்டும்.

வெந்நீர்க் குழாயைப் பெரிதாக்குவது

இங்கே தவறு எதிர்த்திசையில். சோலார் ஹீட்டரிலிருந்து 15 மீட்டர் ஒரு அங்குல சிபிவிசி இழுத்தால், அதற்குள் ஆறு லிட்டருக்கு மேல் ஆறிய தண்ணீர் நிற்கும். காலையில் அவ்வளவையும் கொட்டிய பிறகே சூடு வரும். முக்கால் போட்டால் நான்கு லிட்டருக்குள் முடியும். மேலே வெப்பக்காப்பு உறையும் சுற்றுங்கள்.

ஓவர்ஃப்ளோ

தொட்டி நிரம்பினால் மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் இந்தக் குழாய், நிரப்பும் குழாயைவிட ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும்.

மோட்டாரின் உறிஞ்சு குழாய்

மோட்டார் வாயின் அளவுக்குக் கீழே போகவே கூடாது.

கழிவுக் குழாய்

கழிப்பறைக்கு 110 மில்லிமீட்டர், குளியலறைத் தரைக்கு 75. போகும் வழியில் எங்கேயும் அளவைக் குறைக்காதீர்கள்; அடைப்பு சரியாக அந்த இடத்தில்தான் விழும்.