பிளாஸ்டிக் வெல்டிங்கில் நைட்ரஜன்: எங்கே தேவை, எப்படி ஓட்டுவது

நாகை, வேதாரண்யம் பக்கம் இறால் குட்டைக்கு எச்டிபிஇ (அடர் பாலிஎத்திலீன்) விரிப்பைச் சூடான காற்றில் உருக்கி ஒட்டுகிறவர்கள், காற்றுக்குப் பதில் ஊதும் நைட்ரஜனுக்குச் செலவழிக்க வேண்டாம். கரைமேல் அடிக்கிற கடல்காற்றில் அது மூட்டில் தங்காது. பட்டறைக்குள் பிபி (பாலிபுரொப்பிலீன்), எச்டிபிஇ ஷீட்டில் ரசாயனத் தொட்டி கட்டும்போதுதான் பலன். சூட்டில் இந்த இரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும்; நைட்ரஜன் அதைக் குறைக்கும். பிவிசிக்குச் சுத்தமான காற்றே போதும்.

ஊதுவிசிறி உள்ளேயே இருக்கும் வெப்பக்காற்றுக் கன்னில் நைட்ரஜன் சிலிண்டரை இணைக்க முடியாது. வெளியிலிருந்து குழாய் வரும் கன் வேண்டும். மூவழி வால்வு வைத்து, சூடேற்றவும் ஆற்றவும் கம்ப்ரசர் காற்று, ராடு (மூட்டை நிரப்பும் பிளாஸ்டிக் கம்பி) ஓட்டும்போது மட்டும் நைட்ரஜன் என்று மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கம்ப்ரசர் தண்ணீர் கக்கும். ஃபில்டரை அன்றாடம் வடியுங்கள். எண்ணெயோ நீரோ காடியில் (ராடு உட்கார மூட்டில் வெட்டிய பள்ளம்) பட்டால் ராடு ஒட்டாது.

நிமிடத்துக்கு 45–60 லிட்டர் ஓட்டம் வேண்டும். இரும்பு ஒட்டும் மிக் வெல்டிங்கின் வாயு மீட்டர் பெரும்பாலும் 25–30 லிட்டரோடு நின்றுவிடும். அதோடு, ஆர்கானுக்கு அளவிட்ட ரொட்டாமீட்டரில் (மிதவை ஏறி ஓட்டம் காட்டும் குழாய்) நைட்ரஜன் ஓடினால், காட்டுவதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகப் போகும். நாசிலுக்குள் 5 மி.மீ. ஆழத்தில் அளந்தால் வாயுவின் சூடு எச்டிபிஇக்கு 300–320, பிபிக்கு 305–315 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 7 கன மீட்டர் சிலிண்டர் 50 லிட்டர் ஓட்டத்தில் 140 நிமிடம் வரும். ராடு உள்ளே நுழைந்து வரும் ஸ்பீடு நாசிலில் நிமிடத்துக்கு 30 செ.மீ. போனால் 42 மீட்டர் ராடு. ஒரு வி காடிக்கு மூன்று ராடு என்றால் 14 மீட்டர் மூட்டுதான் கிடைக்கும்.

வெல்டிங்குக்குச் சற்று முன்பாகக் காடியையும் ராடையும் சுரண்டுங்கள். வெயில் பட்ட மேல்தோலை நைட்ரஜன் சரிசெய்யாது. கன்னைப் போடும்போது முதலில் ஓட்டம், பிறகு சூடு. நிறுத்தும்போது முதலில் சூடு, நாசில் ஆறிய பிறகே ஓட்டம். மாற்றிச் செய்தால் கன்னைச் சூடாக்கும் எலிமென்ட் எரிந்துபோகும். நைட்ரஜனில் அதிகச் சூடு பழுப்பாகத் தெரியாமல் போகலாம், நிறத்தை நம்பாதீர்கள். ராடின் இருபுறமும் உருகிய பிளாஸ்டிக்கின் மெல்லிய வரம்பு ஒரே சீராக எழும்ப வேண்டும். துண்டு ஷீட்டில் ஓட்டி, ஆறவிட்டு, ராடை இழுத்துப் பாருங்கள். கிழிந்தால் சரி, வழவழவென்று உரிந்து வந்தால் காடி சூடாகவில்லை.

தொட்டிக்குள் இறங்கி வெல்டு செய்கிறவருக்கு நைட்ரஜன் எமன். வாசனை இல்லை, மூச்சு முட்டாது, சட்டென்று மயக்கம் வரும். வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறி, 19.5 சதவீதத்தில் அலறும் ஆக்சிஜன் மீட்டர், தொட்டி வாயருகே காவலுக்கு ஓர் ஆள்: மூன்றும் இல்லாமல் இறங்காதீர்கள். உள்ளே விழுந்தவரைத் தூக்க வெறுங்கையோடு குதிக்கவும் கூடாது. முழு உடல் பாதுகாப்புப் பட்டையில் கயிற்றை முதலிலேயே கட்டி இறக்குங்கள்.